விரல் நீள வெண்கல வாள்

1

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் இழுத்துக்கொண்டிருந்த தூசி உறிஞ்சியின் குழாய்க்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சில்லறைக் காசாக இருக்கும், இல்லாவிட்டால் யாராவது ஒருவரின் சட்டைப் பொத்தானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அப்போது எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் பயம் இல்லாமல் கழிந்த கடைசி அரைமணி நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பேர்லினுக்கு வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. ஊரில் சொந்தக்காரர் கேட்டால் ‘மியூசியத்தில் வேலை’ என்று மட்டும் சொல்வேன். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மேசையில் இருந்து ஏதோ எழுதுவதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் நான் ஒரு துப்புரவு நிறுவனத்தின் ஆள். காலை ஆறு மணிக்குப் போய், சனம் வருமுன் தரையையும் படிகளையும் கண்ணாடிகளையும் துடைத்துவிட்டு ஒன்பதரைக்கு வெளியேறுவோம். அங்குள்ள பொருள் எதையும் எங்கள் விரல் தொடக் கூடாது. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கிடைத்த பகுதியில் ஒரு வெண்கலச் சிலை இருந்தது. ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும். பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரை. அதன் முதுகில் சேணம் இல்லாமல் ஒரு போர்வீரன். ஒரு கையில் கேடயம், மற்றக் கையில் ஓங்கிய வாள். கறுப்பாகத்தான் தெரியும். குதிரையின் நெஞ்சிலும் அவனுடைய முழங்காலிலும் மட்டும் தேய்ந்து, தேன் நிறத்தில் மினுங்கும். இத்தாலி, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம், செய்தவர் பெயர் தெரியாது என்று கீழே அட்டையில் எழுதியிருந்தது. குதிரையின் வாயும் திறந்திருந்தது, வீரனின் வாயும் திறந்திருந்தது. அவன் எதிரியை வெருட்டக் கத்துகிறானா, தான் வெருண்டு கத்துகிறானா என்று ஆறு வருடமாகக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

அந்த வாரம் பழைய கண்ணாடிப் பெட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் குதிரைவீரனைப் பெட்டியிலிருந்து எடுத்து, சிலைகளைச் சீர்செய்யும் திருத்தகத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் தூசி உறிஞ்சியது அந்த வெறும் பெட்டியைச் சுற்றித்தான்.

வேலை முடிந்து இயந்திரத்தின் பையை மாற்றும்போது பை கிழிந்தது. சாம்பல் நிறத் தூசிக்கும் தலைமயிருக்கும் நடுவில் ஒரு சிறிய உலோகத் துண்டு கிடந்தது. என் நடுவிரல் நீளம். துடைத்துப் பார்த்தேன். கைப்பிடி, குறுக்குக் கம்பி, கூர்முனை. கைப்பிடியில் நூல் சுற்றியது போல மெல்லிய கோடுகள்.

உடனே தெரிந்துவிட்டது. எடுத்துக்கொண்டுபோய் காவலரிடம் கொடுக்கத்தான் திரும்பினேன். இதைப் பொலிஸிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன், சத்தியமாகக் கொடுக்கத்தான் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து நடைவழியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சீருடை போட்ட இரண்டு காவலர்கள் வேகமாக வந்தார்கள். ஒருவருடைய கையில் வோக்கிடோக்கி இரைந்தது. “வாள் எங்கே? வாள் இல்லை!” என்று ஒருவர் ஜேர்மன் மொழியில் கத்தினார்.

என் கை தானாகவே வாளை மேலங்கிப் பைக்குள் போட்டுவிட்டது. அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் “காலை வணக்கம்” என்றுகூடச் சொன்னார்.

ஹெர்மன்பிளாட்ஸில் நிலக்கீழ் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் விளங்கியது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நான் வீடுவரை கொண்டுவந்துவிட்டேன்.

2

என் வீடு நொய்கெல்ன் பகுதியில், நாலாம் மாடி. கணவர் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல்காரராக இருந்து, நாலு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது நானும் மகள் ஆரணியும் மட்டும். அவளுக்கு இருபத்துநாலு வயது. ஒரு மாவட்ட அலுவலகத்தில் நிர்வாகப் பயிற்சி, இங்கே அதை ‘அவுஸ்பில்டுங்’ என்பார்கள். எந்த மேசைக்கு முன்னால் இருந்து நான் வாழ்நாள் முழுக்க நடுங்கினேனோ, அந்த மேசையின் மறுபக்கத்தில் இருக்கப்போகிறவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மன் மொழியில் பதில் சொல்வாள். இருவருக்கும் அது பழகிவிட்டது.

வாளை எங்கே வைப்பது என்று வீடு முழுக்கச் சுற்றினேன். கடைசியில் ஒரு பருத்தித் துணியில் சுற்றி, என் குடியுரிமை விண்ணப்பத் தாள்கள் அடங்கிய கோவைக்குள், பின்பக்க உறையில் வைத்தேன். அந்தக் கோவையை நான் மட்டும்தான் தொடுவேன் என்று நினைத்தேன். வேறு நல்ல இடம் என் மூளைக்கு எட்டவில்லை.

அடுத்த நாள் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். வெண்கலச் சிலையின் ஒரு பாகத்தைக் காணவில்லை, யாராவது கண்டீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என் முறை வந்தது. ‘ஓம்’ என்று சொல்ல அதுதான் சரியான நேரம். ஆனால் ‘நேற்று ஏன் சொல்லவில்லை’ என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அதற்கு என்னிடம் ஜேர்மன் மொழியிலும் பதில் இல்லை, தமிழிலும் இல்லை.

“நைன்” என்றேன். இல்லை.

ஒரு தாளை நீட்டினார். எதையும் காணவில்லை, எடுக்கவில்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தேன். மேல் உதடு வேர்த்தது. வெளியே இரண்டு பாகை குளிர்.

எங்களோடு வேலை செய்யும் செல்வியக்காவிடம் மட்டும் வியாழக்கிழமை சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பக்கத்துத் தெருக்காரி, என்னைவிட ஆறு வயது மூப்பு. பஸ் தரிப்பிடத்தில் வைத்துச் சொன்னேன். அவ என் கையைப் பிடித்து இறுக்கினா.

“உனக்கென்ன விசரே? வீட்டிலையோ வைச்சிருக்கிறாய்?”

“என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அக்கா.”

“கேள். இண்டைக்கே வாய்க்காலுக்கை எறிஞ்சுபோட்டுப் பேசாமல் இரு. வெள்ளையள் நாலு நாள் தேடுவினம், பிறகு விட்டிடுவினம். நீ வாயைத் துறந்தியெண்டால் எங்கள் எல்லாரையும் கொண்டுபோய் விசாரிப்பாங்கள். என்ரை மனுசனுக்கு இன்னும் விசா ஒழுங்கில்லை, தெரியுமெல்லோ?”

அன்று பின்னேரம் வாய்க்கால் பாலத்தில் போய் நின்றேன். கைப்பைக்குள் கையை விட்டு வாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைத் தள்ளுவண்டியோடு ஒருத்தி போனாள். சைக்கிள்காரர் போனார். ஒவ்வொருவரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. அதைவிட, அந்தக் கைப்பிடியின் கோடுகள் என் விரலுக்குத் தெரிந்துகொண்டே இருந்தன. யாரோ ஒரு மனிதன் கண்ணைச் சுருக்கி, இவ்வளவு சின்னப் பொருளில் அரம் வைத்து இழைத்திருக்கிறான். எறிய மனம் வரவில்லை. வைத்திருக்கவும் துணிவில்லை. வீட்டுக்குத் திரும்பி, மறுபடி கோவைக்குள் வைத்தேன்.

3

வெள்ளிக்கிழமை குடியுரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

இத்தனை வருடம் இருந்துவிட்டு ஏன் இன்னும் ஜேர்மன் பிரஜை ஆகவில்லை என்று ஊரில் கேட்பார்கள். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் எப்போதோ ஆகிவிட்டார்கள். நான் மாமாவோடு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எனக்குப் பதினேழு வயது. முதல் விசாரணையில் யாரோ என் பிறந்த நாளைத் தை முதலாம் திகதி என்று பிழையாக எழுதிவிட்டார்கள். என் பெயர் வதனா. ஒரு தாளில் அது ஒரு விதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் இருக்கும். ஒவ்வொரு முறை விண்ணப்பப் படிவத்தை எடுக்கும்போதும், இரண்டு திகதியையும் பக்கத்தில் வைத்து ‘இதில் யார் நீ’ என்று கேட்பார்கள் என்று பயந்து மூடிவைத்துவிடுவேன். விசா இருந்தது, வேலை இருந்தது, போதும் என்று இருந்தேன். பிறகு ஆரணிதான் விடாப்பிடியாக நின்று, கடிதம் எழுதி, ஊரிலிருந்து பத்திரம் எடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் விண்ணப்பத்தைப் போட்டாள்.

கடிதத்தில் இன்னும் ஒரு பத்திரம் கேட்டிருந்தார்கள். நான் குளியலறையில் நின்றேன். வெளியே வந்தபோது ஆரணி அந்தப் பத்திரத்தைத் தேடி, கூடத்து மேசையில் கோவையை விரித்து வைத்திருந்தாள். துணி ஒருபக்கம், வாள் ஒருபக்கம்.

“அம்மா, இது என்ன?” ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். சாவிக்கொத்து என்று சொல்லலாமா என்று கூட யோசித்தேன். ஆனால் கதிரையில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். “இவ்வளவுதானா? தூசிக்குள் கிடந்தது. கண்டெடுத்தீர்கள். கண்டெடுப்பது குற்றம் இல்லை. நாளைக்கே போய்க் கொடுப்போம்.”

“நான் இல்லையெண்டு கையெழுத்து வைச்சிட்டன் பிள்ளை.”

சிரிப்பு நின்றது. “ஏன் அம்மா? ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?” இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அதைச் சொன்னேன். அவளுடைய அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

எனக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் ஒரு வெற்றுத் தோட்டாக் கோது கிடந்தது. பித்தளை, வெயிலுக்குப் பளபளத்தது. வடிவாக இருந்ததே என்று எடுத்து கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டேன். இரண்டு நாளில் எங்கள் தெரு முழுக்க ஆமி வந்து வீடு வீடாகச் சோதித்தது. ஒருவன் என் புத்தகப் பையைக் கொட்டி, கொம்பாஸ் பெட்டியைத் திறந்தான். கோதை எடுத்து அப்பாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தான். அப்பா ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு, “அது நான் எடுத்தது” என்று அவர்களுக்கு விளங்கின சிங்களத்தில் சொன்னார். கொண்டுபோனார்கள். பதினொரு நாள் கழித்து விட்டார்கள். வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

“அந்தச் சப்பாத்துச் சத்தம் கேட்டவுடனை எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை” என்றேன். “கை தானாப் போட்டிட்டுது.”

ஆரணி எழும்பி வந்து என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“இஞ்சை அப்பிடி இல்லை அம்மா. இஞ்சை எல்லாம் எழுதித்தான் நடக்கும். உண்மையைச் சொன்னால் எழுதுவினம். நாங்கள் போவம்.”

“நாளைக்கு வேண்டாம் பிள்ளை. சனி, ஞாயிறு அந்தச் சிலை திருத்திற மனுசி வராது. திங்கள் மியூசியம் பூட்டு. செவ்வாய் போவம். அதுவரை எனக்கு நேரம் தா. சொல்ல வேண்டியதைப் பாடமாக்க வேணும்.”

அவள் விரும்பவில்லை. பொலிஸுக்கு ஒரு தொலைபேசி எடுத்தால் போதும் என்றாள். நான் கெஞ்சினேன். பெற்ற பிள்ளையிடம் கைகூப்பிக் கெஞ்சினேன். அவள் இறங்கி வந்தாள். இந்த முழுக் கதையிலும் நான் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்பும் ஒரு நிமிடம் இருந்தால், அது இதுதான்.

4

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போனோம். முன்வாசலால் நான் அந்தக் கட்டடத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை.

சிலைகளைத் திருத்துபவரின் பெயர் ஃப்ராவ் லிண்ட்னர், திருமதி லிண்ட்னர். ஐம்பது வயது இருக்கும், மெல்லிய பெண். காலை வேளைகளில் படியில் காணும்போது தலையசைப்பார். திருத்தகத்துக்குள் வரச் சொன்னார். நடு மேசையில், சாம்பல் நிறக் கம்பளித் துணியின் மேல் குதிரைவீரன் நின்றான். ஓங்கிய கை வெறுமையாக இருந்தது. ஆயுதம் இல்லாமல் பார்க்க, அவன் யாரையோ ‘அடிக்க வேண்டாம்’ என்று தடுப்பது போல இருந்தது.

நான் கைப்பையைத் திறந்து, துணியை விரித்து, மேசையில் வைத்தேன். பாடமாக்கிய வசனங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

ஃப்ராவ் லிண்ட்னர் வாளைத் தொடவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

பிறகு ஆறுதலாகச் சொன்னார். ஆரணி எனக்கு மெதுவாகத் தமிழில் சொன்னாள். அந்த வாள் ஐந்நூறு வருடம் பழையது இல்லையாம். முதல் வாள் எப்போதோ தொலைந்துபோக, நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் யாரோ புதிதாகச் செய்து கைக்குள் செருகி, மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். தூக்குவதற்கு முன் அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டியது தன் பொறுப்பாம். அன்று அவசரத்தில் மறந்துவிட்டாராம். “ஒரு வாரமாக நான் நித்திரை கொள்ளவில்லை” என்றார். “என்னை வேலையால் நிறுத்திவிடுவார்கள் என்று இருந்தேன்.”

அந்த ஒரு வாரமும் பயந்தவள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நான் துணிக்குள் சுற்றி வைத்திருந்தது இந்த மனுசியின் நித்திரையையும் சேர்த்துத்தான். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே சொல்லை மூன்று முறை சொன்னேன்.

பாதுகாப்புப் பொறுப்பாளரும் வந்தார். அவர் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் காணாமற்போனது பற்றி முறைப்பாடு ஏற்கெனவே பொலிஸுக்குப் போய்விட்டது, அதைத் தன்னால் திருப்பி எடுக்க முடியாது, கிடைத்ததையும் கொண்டுவந்தவரையும் அறிவிக்கத்தான் வேண்டும் என்றார். என் முழுப் பெயரைக் கேட்டு எழுதினார். பிறந்த திகதியைக் கேட்டார். எதைச் சொல்வது என்று தெரியாமல் நான் ஆரணியைப் பார்த்தேன். அந்த ஒரு கணத் தயக்கத்தை அவர் கவனித்தார்.

5

மூன்று கிழமை கழித்துப் பொலிஸில் ‘டெர்மின்’ கிடைத்தது. இந்த நாட்டில் பயப்படுவதற்கும் நேரம் குறித்துத்தான் கடிதம் வரும்.

விசாரித்தது ஒரு பெண். ஆரணியைவிடக் கொஞ்சம் மூத்தவள், முகத்தில் கடுமை இல்லை. எனக்காக மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே படித்த இளைஞர். நல்ல மனிதர். ஆனால் என் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கியது.

“என்ன நடந்தது என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள்” என்றாள் பொலிஸ்காரி.

“பை கிழிஞ்சுது, உள்ளுக்கை உது கிடந்தது. எடுத்தனான்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார். “எடுத்தனானா? நீங்களே டேக் பண்ணிட்டீங்களா மேடம்?”

“ஓம், எடுத்தனான். தூசிக்குள்ளை இருந்து எடுத்தனான்.”

அவர் திரும்பி ஜேர்மன் மொழியில் சொன்னார். ‘கெனொமன்’ என்ற சொல் என் காதில் விழுந்தது. எடுத்துக்கொண்டேன், எனதாக்கினேன் என்பது போன்ற சொல். நாங்கள் கீழே விழுந்த ஊசியையும் எடுக்கிறோம், அடுத்தவன் பணத்தையும் எடுக்கிறோம், இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவருடைய பிழை இல்லை. பொலிஸ்காரியின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடத் தொடங்கின.

“இல்லை, அது பிழை!” ஆரணி எழும்பிவிட்டாள். “என் அம்மா சொன்னது ‘கண்டு பொறுக்கினேன்’ என்று. திருடினேன் என்று இல்லை.”

“தயவுசெய்து இருங்கள்” என்றாள் பொலிஸ்காரி. “மொழிபெயர்ப்பாளர் முடிக்கட்டும். பிறகு திருத்தலாம்.”

திருத்தினார்கள். உண்மையாகவே திருத்தினார்கள். ஃப்ராவ் லிண்ட்னர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் வாசித்துக் காட்டினார்கள். தவறு தன்னுடையது, இந்தப் பெண் தானாக முன்வந்து கொண்டுவந்தார் என்று அவர் கையெழுத்து வைத்திருந்தார். எனக்கு மூச்சுத் திரும்பி வந்தது.

அப்போதுதான் பொலிஸ்காரி ஆரணியின் பக்கம் திரும்பினாள்.

“இந்தப் பொருள் வீட்டில் இருப்பது உங்களுக்கு எப்போது தெரியவந்தது?”

“வெள்ளிக்கிழமை.”

“கொண்டுவந்து கொடுத்தது செவ்வாய்க்கிழமை.”

“ஓம்.”

“அதுவரை நீங்களும் யாருக்கும் அறிவிக்கவில்லை.”

ஆரணி கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோனாள். “இல்லை” என்று சொன்னாள்.

“என்ன தொழில்?”

தன் பயிற்சி எந்த அலுவலகத்தில் என்று சொன்னாள். அதுவும் தட்டச்சில் ஏறியது. நான் மகளின் கையைப் பார்த்தேன். மேசைக்குக் கீழே, ஒரு கை மற்றக் கையின் பெருவிரலை நெரித்துக்கொண்டிருந்தது. அப்படி நெரிப்பது நான். நான் மட்டும்தான். அவள் அதுவரை ஒரு நாளும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

“நான்தான் அவளை மறிச்சது” என்று தமிழில் கத்திவிட்டேன். “அவள் உடனை போவம் எண்டவள். நான்தான் கெஞ்சி மறிச்சனான். அதை எழுதுங்கோ. அதையும் எழுதுங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சரியாகவே சொன்னார்.

6

அதற்குப் பிறகு காத்திருப்பு. மார்கழி, தை, மாசி, பங்குனி.

விசாரணை நடப்பதால் குடியுரிமை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று கடிதம் வந்தது. நிறுவனம் என்னை வேலையால் நீக்கவில்லை. ஆனால் அருங்காட்சியகத்துக்கு இனி அனுப்பவில்லை. நகரின் மறு ஓரத்தில், மேசைகளும் கணினிகளும் மட்டும் உள்ள ஒரு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். செல்வியக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினா. முருகன் கோயிலில் ஒருநாள் நேருக்கு நேர் வந்தபோது, “எங்களையும் மாட்டப் பார்த்தாய், என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனா. அவவைப் பிழை சொல்ல என்னால் ஏலாது.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். பயந்து பழகிய உடம்பு என்னுடையது. எங்கே தசையை இறுக்குவது, எப்படி மூச்சை அடக்குவது என்று அதற்குத் தெரியும். ஆரணிக்கு ஒன்றும் தெரியாது. இருபத்துநாலு வயதில் புதிதாகத் தொடங்கினாள்.

முதலில் தபாற்பெட்டியைத் திறப்பதை நிறுத்தினாள். “நீங்கள் எடுத்து வாங்கோ” என்பாள். பிறகு அலுவலகத்தில் யாராவது கதவை மூடிக்கொண்டு பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று வந்து சொன்னாள். பயிற்சி முடிந்ததும் நிரந்தரமாக எடுப்பார்களா, அதற்கு முன் தன் பெயரை எங்காவது தட்டிப் பார்ப்பார்களா என்று கேட்டாள். நிர்வாகச் சட்டப் புத்தகத்தை மேசையில் விரித்து, அதே பக்கத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சை எல்லாம் எழுதித்தான் நடக்கும் என்று சொன்னவள், இப்போது எழுதப்பட்டதை நினைத்துத்தான் பயந்தாள்.

இந்த நாட்டில் பிள்ளை எங்களை விட்டுத் தள்ளிப்போகிறாள் என்று நான் எத்தனையோ முறை கவலைப்பட்டிருக்கிறேன். சாப்பாடு மாறிவிட்டது, சிநேகிதர் மாறிவிட்டார்கள், மொழி மாறிவிட்டது என்று. ஆனால் அவள் அலுவலகத்துக்குள் நிமிர்ந்து நடப்பதையும், சீருடைக்காரரிடம் வழி கேட்பதையும் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. என்னிடமிருந்து அந்த ஒன்றாவது அவளுக்குப் போகவில்லை என்று. அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சித்திரை கழிந்து ஒரு சாதாரண வெள்ளை உறையில் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். வழக்கு முடிக்கப்பட்டது, எனக்கு எதிராகவும் வேறு யாருக்கு எதிராகவும் மேல் நடவடிக்கை இல்லை. நானே வாசித்து விளங்கிக்கொண்டேன். ஆரணிக்குக் காட்டினேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, “ஆனால் பொலிஸில் அந்தக் கோவை அப்படியேதான் இருக்கும், இல்லையா?” என்று கேட்டாள். குடியுரிமை விண்ணப்பம் மறுபடி நகரத் தொடங்கியிருக்கிறது. ஆரணியின் பரீட்சை அடுத்த மாதம்.

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆரணி கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. நீளமாக, இரண்டு முறை.

நான் திரும்பிப் பார்த்தபோது ஆரணி நடைவழியில், சுவரோடு ஒட்டி நின்றாள். வெறுங்கால். கைத்தொலைபேசியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“அம்மா,” என்றாள், மூச்சு மட்டும் வரும் குரலில். “துறக்காதேங்கோ. ஆரும் இல்லையெண்டு நினைச்சுப் போகட்டும்.”

மணி மறுபடியும் அடித்தது. என் நெஞ்சும் அடித்தது. பொய் சொல்ல மாட்டேன், கால் பின்னால்தான் போகப் பார்த்தது. அவள் தனியாக இருந்த நேரங்களில் இந்த மணி எத்தனை தரம் அடித்திருக்கும், எத்தனை தரம் இப்படிச் சுவரோடு ஒட்டி நின்றிருப்பாள் என்று நினைத்தேன்.

கத்தியை வைத்தேன். கையைக் கழுவாமல் நடைவழிக்குப் போனேன். அவளைத் தாண்டும்போது அவள் என் சட்டையைப் பிடித்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

“பயமெண்டால் என்ரை முதுகுக்குப் பின்னாலை நில்லு” என்றேன். “நான் துறக்கிறன்.”

திறந்தேன். கீழ்வீட்டு மனுசி நின்றாள், கையில் ஒரு வெற்றுக் கோப்பை. கேக் சுடுகிறாளாம், சீனி முடிந்துவிட்டதாம்.

“உள்ளே வாருங்கள்” என்று ஜேர்மன் மொழியில் சொல்லி, கதவை முழுதாகத் திறந்துவிட்டேன்.